எந்தக் கடை திறக்கணும், எதை மூடணும்? (திங்கள்லேர்ந்து மளிகையும் கிடையாதாம்)

சரக்குமாஸ்டர் | மதுரை | 22 மே 2021, இரவு 10.50

இப்பத்தான் ஷட்டரை இறக்கிட்டு வந்து உட்கார்ந்தேன். காலு ரெண்டும் என்னோடதா இல்ல. செல்லூர்ல பத்துக்குப் பதினாலு மளிகைக் கடை. கொரோனா ஊரடங்கால ஒரு வாரமா காலையில 6லேர்ந்து 10 வரைக்கும்தான் யாவாரம். இன்னைக்கும் பத்துக்கு மூடிட்டு வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது டிவியில வருது: திங்கட்கிழமை 24ஆம் தேதிலேர்ந்து ஒரு வாரம் தளர்வே இல்லாத ஊரடங்கு, மளிகை காய்கறி எதுவும் கிடையாது. ஆனா இன்னைக்கு ராத்திரி 9 வரைக்கும், நாளைக்குக் காலை 6லேர்ந்து ராத்திரி 9 வரைக்கும் எல்லாக் கடையும் திறக்கலாம். கையைக் கழுவிட்டு ஓடுனேன். நான் போறதுக்குள்ள வாசல்ல முப்பது பேர் நிக்கிறாங்க.

என் கணக்கைச் சொல்றேன். சாதாரண நாள்ல காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் 14 மணி நேரம் கடை. ஏறக்குறைய 200 பேர் வருவாங்க. மணிக்கு 14, 15 பேர். கடைக்குள்ள ஒரே சமயத்துல ரெண்டு பேர் நின்னா அதிகம். இதே 200 பேர் 4 மணி நேரத்துல வந்தா மணிக்கு 50. நேரத்தைக் குறைச்சாக் கூட்டம் குறையும்னு எந்தப் புத்திசாலி சொன்னாரோ தெரியல. 6ஆம் தேதி மதியம் 12ன்னாங்க. 15ஆம் தேதிலேர்ந்து 10ன்னாங்க. ஒவ்வொரு தடவையும் என் வாசல்ல வரிசை நீண்டதைத் தவிர வேற எதுவும் நடக்கல.

இன்னொன்னு. இன்னைக்கு வந்தவங்கள்ல பாதிப்பேர் பெரிய லிஸ்ட் எழுதிக்கிட்டு வந்தவங்க. அஞ்சு கிலோ பருப்பு, ரெண்டு டின் எண்ணெய். என் கணக்கு நோட்டுல இருக்குறவங்க யாரும் வரல. அவங்க கூலி வாங்கிட்டு வந்து கால் கிலோ பருப்பு, அம்பது மில்லி எண்ணெய், ஒரு சாம்பார்ப்பொடி பாக்கெட் வாங்குறவங்க. ஒரு வாரத்துக்கு வாங்கி வைக்க அவங்ககிட்ட ஒரு வாரத்துக் காசு இருக்கணுமே.

திங்கள்லேர்ந்து எது திறந்திருக்கும்? மருந்துக்கடை, நாட்டு மருந்து, பால், தண்ணி, பேப்பர், பெட்ரோல் பங்க், ஓட்டல் பார்சல். ஆன்லைன்காரன் காலை 8லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும் வண்டி ஓட்டலாம். தெருமுனை அண்ணாச்சி கூடாது. எனக்குப் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்க.

———

மாடிவீடு | சென்னை | 22 மே, இரவு 11.35

@சரக்குமாஸ்டர், உங்க கஷ்டம் புரியுது. ஆனா நேத்து ஒரு நாள்ல மட்டும் தமிழ்நாட்டுல 36,184 பேருக்குத் தொற்று. எங்க பெரியப்பாவை ஆம்புலன்ஸ்ல வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல அஞ்சு மணி நேரம் நின்னோம். உள்ள படுக்கை கிடைச்சப்போ அவருக்கு அது தேவைப்படல. பதினோரு நாள் ஆச்சு. நீங்க பருப்புக் கணக்கு போடுறீங்க.

கோயம்பேட்டை மறந்துட்டீங்களா? போன வருஷம் "காய்கறி அத்தியாவசியம்"னு கடைசி வரைக்கும் திறந்து வச்சோம். மே 5 மூடும்போது வியாதி லாரி ஏறி கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர்னு போய்ச் சேர்ந்திருந்துச்சு. அப்புறம் திருமழிசையில வெட்டவெளியில தற்காலிகச் சந்தை. கோயம்பேட்டுல காய்கறிக் கடை மறுபடி திறந்தது செப்டம்பர் 28. ஏறக்குறைய அஞ்சு மாசம். முன்னாடியே ஒரு வாரம் மூடியிருந்தா இவ்வளவு இழுத்திருக்காது.

ஒரு வாரம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க. எல்லாத்தையும் மூடணும். மருந்துக்கடை தவிர.

———

நைட்டூட்டி | கோவை | 23 மே, அதிகாலை 3.20

மாடிவீடு, பெரியப்பா விஷயம் கேட்டு மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க. நான் செவிலி. இந்த ரெண்டு வாரமா எங்க வார்டுல அந்தக் காட்சி தினமும். மூடணும்ங்கறதுல எனக்கு மறுபேச்சு இல்லைங்க.

ஆனா மூடுற விதம்னு ஒண்ணு இருக்குது. போன வருஷம் ஏப்ரல் 24 சாயங்காலம் அறிவிச்சாங்க, 26லேர்ந்து சென்னை, கோவை, மதுரையில நாலு நாள் முழு ஊரடங்குன்னு. சேலம், திருப்பூர்ல மூணு நாள். நடுவுல இருந்தது 25 ஒரே ஒரு நாள், சனிக்கிழமை. மதியம் 1 மணிக்கு மூட வேண்டிய கடையை, கூட்டம் தாங்காம 3 மணி வரைக்கும் நீட்டிச்சாங்க. ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் பிடரியில படுற மாதிரி நின்னாங்க. ஒரு மாசம் வீட்டுல அடைஞ்சு இருந்த புண்ணியமெல்லாம் அந்த ஒரு நாள்ல போச்சுங்க. நாளைக்கும் அதேதான் நடக்கப் போகுதுன்னு பயமா இருக்குது.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எதை விக்கிறாங்கங்கறது வைரசுக்குத் தெரியாதுங்க. காத்து எப்படிப் போகுது, எத்தனை நேரம் நிக்கிறோம், அதுதான் கணக்கு. மூணு நாளைக்கு முன்னாடிதான் மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமே சொல்லிச்சு, நுண்துளி காத்துல 10 மீட்டர் வரைக்கும் போகும், ஜன்னலைத் திறந்து வைங்கன்னு. ஏ.சி. போட்ட பெரிய கடையையும் தள்ளுவண்டியையும் ஒரே பட்டியல்ல வச்சுப் பேசுறது எனக்கு விளங்கலைங்க. தள்ளுவண்டி பக்கத்துல நின்னு தக்காளி வாங்குறதுக்கு ரெண்டு நிமிஷம். சுத்திலும் வானம்.

அப்புறம் ஒரு சொந்த வேண்டுகோள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல இருந்த டீக்கடை 15ஆம் தேதியோட மூடியாச்சு. கவச உடையைக் கழட்டிட்டு வெளிய வந்தா ஒரு வாய் டீக்கு வழியில்ல. ஃபிளாஸ்க்குல கொண்டு வர்றது நாலு மணி நேரத்துல கசாயம் ஆயிடுது. எங்க பட்டியல்ல டீக்கடை அத்தியாவசியம்ங்க.

———

ஏரிக்கரை | விழுப்புரம் | 23 மே, காலை 7.05

இந்த இழையில கேட்கலாமான்னு தெரியல. கண்ணாடிக் கடை எதாவது திறந்திருக்குமா? மூக்குக்கண்ணாடி. அம்மாவோடது நேத்து நசுங்கிடுச்சு (நான்தான் உட்கார்ந்துட்டேன்). இன்னைக்கு ஒரு நாள் எல்லாக் கடையும் திறக்கலாம்னாங்களேன்னு காலையிலயே ஒரு சுத்து சுத்திட்டேன். கண்ணாடிக் கடை வாசல்ல பூட்டுத்தான். கடைக்காரர் ஊருக்குப் போயிட்டாராம்.

———

பேட்டரி_லோ | திருநெல்வேலி | 23 மே, காலை 9.40

நம்ம கடை செல்போன் ரிப்பேர். சரக்குமாஸ்டர் அண்ணாச்சிக்காவது இன்னைக்கு யாவாரம் இருக்கு. எனக்கு ரிப்பேருக்கு வந்த போன் பதினேழு உள்ள கிடக்கு. பாதி புள்ளைகளோட ஆன்லைன் கிளாஸ் போனு. ஒண்ணு ஆட்டோக்காரர் போனு, அதுலதான் ஆக்சிஜன் சிலிண்டர் எங்க இருக்குன்னு கேட்டு வாட்சப் குரூப்பு நடத்திட்டு இருந்தாரு. டிஸ்பிளே போச்சு. பார்ட்ஸ் மதுரையிலேர்ந்து வரணும், கூரியர் வரல.

போன வருஷம் மே 11ல 34 வகைக் கடைன்னு ஒரு பட்டியல் போட்டாங்கல்லா, அதுல செல்போன் ரிப்பேர் இருந்துச்சு. கண்ணாடி ரிப்பேர், மிக்சி கிரைண்டர் ரிப்பேர், டிவி, ஜெராக்ஸ், நர்சரி எல்லாம் இருந்துச்சு. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒரு வீட்டுல என்னென்ன கெட்டுப் போகும்னு யோசிச்சு எழுதுன மாதிரி இருந்துச்சு அந்தப் பட்டியல். இந்த வருஷம் அதைத் தூசி தட்டக்கூட ஆளில்ல.

கடையை எத்தனை மணிக்கு மூடணும்ங்கறது எங்க பக்கம் வெறும் யாவாரப் பேச்சு இல்ல. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். செல்போன் கடை. அப்பாவும் மகனும். அதுக்கு மேல நான் எழுதல. பத்து மணி ஆகுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே என் கை தானா ஷட்டருக்குப் போவுது.

@ஏரிக்கரை, கண்ணாடிக் கொம்பு மட்டும் ஒடிஞ்சிருந்தா சூடு வச்சு ஒட்டலாம். லென்சு போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது.

———

மட்டுறுத்துநர் | 23 மே, பகல் 12.15

டாஸ்மாக் பற்றி வந்த பதினான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. 2020 மே 7 அன்று கடை திறந்ததும், மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும், 16ஆம் தேதி மறுபடி திறந்ததும் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த முறை 10ஆம் தேதியிலிருந்து மூடித்தான் இருக்கிறது. நகைச்சுவைக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போகவும்.

———

கத்தரி | சென்னை | 23 மே, பகல் 2.00

எல்லாரும் அத்தியாவசியம் அத்தியாவசியம்னு பேசுறீங்க. என் கடை சலூன். ஏப்ரல் 26லேர்ந்து மூடல். போன வருஷம் ஜூன் 1 வரைக்கும் மூடல். திறந்ததும் வர்றவங்ககிட்ட ஆதார் நம்பர் வாங்கி நோட்டுல எழுதச் சொன்னாங்க. முடி வெட்ட வந்தவர், "பாஸ்போர்ட்டும் வேணுமா தம்பி"ன்னார்.

முடி வளந்தா ஊரு அழிஞ்சிடாது, ஒத்துக்கறேன். நர்ஸ் அக்கா கணக்குப்படி பார்த்தாலும் நான் தோத்துட்டேன், அரை மணி நேரம் முகத்துக்கு நேரா நிக்கிற தொழில். ஆனா வாடகை கேட்கிறவருக்கு அத்தியாவசியம், அத்தியாவசியமில்லாததுன்னு ரெண்டு விதமா வாடகை இல்லையே? "மூடு"ன்னு சொல்றவங்க மூடுனவனுக்கு என்னன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க. ரேசன் கார்டுக்கு அரசு கொடுத்த அந்த 2,000 ரூபாய் வந்துச்சு. நன்றி. அது எனக்கு கரண்ட் பில்லு.

எங்க தாத்தா வேப்பமரத்தடியில முக்காலி போட்டுத்தான் வெட்டுனாரு. காத்தோட்டம்னா அதுதான் காத்தோட்டம்.

———

கரிசல் இல்லை செம்மண் | ஒட்டன்சத்திரம் பக்கம் | 23 மே, மாலை 6.30

விவசாயி பேசுறேன். கடை திறக்குறதப் பத்தி ஊர்ல இருக்குறவங்க வாங்குற பக்கத்துலேர்ந்தே பேசுறீங்க. செடிக்கு ஊரடங்கு தெரியாது. வெண்டைக்காயை இன்னைக்குப் பறிக்கலைன்னா நாளை மறுநாள் முத்திப்போகும், மாட்டுக்குத்தான். எங்க மார்க்கெட்டுலேர்ந்து பாதிக்கு மேல கேரளாவுக்குப் போற சரக்கு. அங்கயும் 8ஆம் தேதிலேர்ந்து முழு ஊரடங்குதான். ஆனா மளிகை, காய்கறிக் கடை சாயங்காலம் தாண்டி 7.30 வரைக்கும் திறந்திருக்குன்னு ஏவாரிங்க சொல்றாங்க. கூட்டமும் பிரிஞ்சு வருது, எங்க லாரிக்கும் வேலை இருக்கு.

இன்னைக்கு மெட்ராஸ்ல தக்காளி, பீன்ஸ் விலை ஏறிடுச்சாம். டிவியில காட்டுறான். இங்க என் தோட்டத்துல தக்காளிக்குப் பறிகூலி வரல. நடுவுல இருக்குற கடையை மூடுனா ரெண்டு பக்கமும் இப்படித்தான் ஆகும். விக்கிறவனுக்கு விலை இல்ல, வாங்குறவனுக்குச் சரக்கு இல்ல.

பூ இன்னும் மோசம். நிலக்கோட்டை மச்சினன் மல்லி போட்டிருக்கான். பூ அத்தியாவசியமான்னு கேட்டா என்ன சொல்ல? கோயில் மூடல், கல்யாணத்துக்கு ஆள் இல்ல. செண்டு கம்பெனிக்காரன் கொடுக்குறதுதான் விலை. பறிக்காம விட்டா செடி கெட்டுப்போகும்னு பறிச்சு வரப்புல கொட்டுறான். வீடே மணக்குது, பாக்கத்தான் முடியல.

போன வருஷம் ஈரோட்டுல பஸ் ஸ்டாண்டுல காய்கறி மார்க்கெட் போட்டாங்க. திருச்சியில காந்தி மார்க்கெட்டைத் தூக்கி ஜி கார்னர் மைதானத்துல வச்சாங்க. பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்டு எல்லா ஊர்லயும் இருக்கு. வட்டம் போட்டு விட்டா யாவாரமும் நடக்கும். மூடுறதுக்கும் முழுசாத் திறக்குறதுக்கும் நடுவுல எவ்வளவோ இருக்குய்யா.

———

மாடிவீடு | சென்னை | 23 மே, இரவு 9.10

இன்னைக்குக் காலையில கடைக்குப் போனேன். போகாம இருந்திருக்கணும். ரெண்டு மணி நேரம் வரிசை. எனக்குப் பின்னாடி நின்னவர் இருமிக்கிட்டே இருந்தார், கேட்டா "டஸ்ட் அலர்ஜி"ங்கறார்.

எல்லாத்தையும் மூடணும்னு நேத்து சொன்னதை வாபஸ் வாங்கல. ஆனா மூடுறதுக்கு முந்தின ரெண்டு நாள் இப்படித் திறந்துவிடுறது மூடுறதுல சேர்த்தி இல்லைன்னு ஒத்துக்கறேன். பஸ் ஸ்டாண்டு யோசனை நல்லா இருக்கு. திருமழிசையை நானே உதாரணம் சொல்லிட்டு அதை யோசிக்கல. அங்க மழை பெய்ஞ்சப்போ சேத்துல வண்டி மாட்டுனதையும் சொல்லியாகணும்.

@சரக்குமாஸ்டர், பருப்புக் கணக்குன்னு சொன்னதுக்கு மன்னிக்கணும்.

———

பனங்காய் | யாழ்ப்பாணம் | 24 மே, காலை 8.15

வணக்கம் உறவுகளே. இங்க நாங்கள் வெள்ளி இரவு 11 மணியில இருந்து பயணத்தடையில இருக்கிறம். நாளைக்கு விடிய 4 மணிக்குத் தளர்த்தினம், இரவு 11 மணிக்குத் திரும்பப் பூட்டு. அந்த ஒரு பகலுக்குள்ள சனம் முழுக்கக் கடைக்கு ஓடும். உங்கட 22, 23ஐப் பாத்தா எங்கட 25 எப்பிடி இருக்கும் எண்டு இப்பவே தெரியுது.

போன வருசம் மார்ச் 20 பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்குச் சட்டம் போட்டவை. அது உங்கட மாதிரி "கடை திறக்கலாம், மூடலாம்" எண்ட கதையே இல்லை, எல்லாம் பூட்டு. யாழ்ப்பாணம் ஆபத்தான மாவட்டம் எண்டு மற்ற இடங்களில தளர்த்தேக்கையும் எங்களுக்குத் தளர்த்தேல்லை. அப்ப எங்களுக்குச் சோறு போட்டது வளவில நிண்ட முருங்கையும், மரக்கறி கொண்டு வந்த லான்ட்மாஸ்டர் உழவு மெசினும், பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பாண்காரன்ர (பாண் எண்டா உங்கட பிரெட்) ஆட்டோவும்தான். கடை வீட்டுக்கு வந்தா சனம் கடைக்குப் போகாது. ஆனா உழவு மெசினில வாற மரக்கறிக்குக் கடன் இல்லை, கைக்காசுதான். முடக்குக் கடையில (உங்கட தெருமுனைக் கடை) எண்டா கொப்பியில எழுதிப்போட்டுத் தருவினம்.

———

சரக்குமாஸ்டர் | மதுரை | 26 மே, பகல் 1.30

பனங்காய் சொன்னது சத்தியம். மாநகராட்சி காய்கறி வண்டி நேத்து எங்க தெருவுக்கு வந்துச்சு. மெயின் ரோட்டுல நிக்குது, சந்துக்குள்ள வர இடமில்ல. பத்து நிமிஷத்துல தக்காளி காலி, மிச்சம் முட்டைக்கோசு. காசில்லாதவங்க எட்ட நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க.

ராத்திரி பின்வாசல்ல ஒரு தட்டு. நாலாவது வீட்டு அக்கா, கட்டட வேலை. "அண்ணே, அரிசி ரேசன்ல இருக்கு. உப்பும் மிளகாத்தூளும் மட்டும்". கடையைத் திறந்தா சட்டப்படி தப்பு. திறக்கலைன்னா... ஜன்னல் வழியா கொடுத்தேன். கணக்குல 18 ரூபாய். கேஸ் போடுறதுன்னா போட்டுக்கட்டும்.

மாடிவீடு, மன்னிப்பெல்லாம் எதுக்கு. உங்க வீட்டு துக்கத்துல நானும் ஏதோ பேசிட்டேன்.

———

நைட்டூட்டி | கோவை | 27 மே, அதிகாலை 4.05

நேத்துக் கணக்குல எங்க மாவட்டம் சென்னையைத் தாண்டிருச்சுங்க. இங்க மில்லு, பட்டறை, கம்பெனின்னு பாதி ஓடிட்டுத்தான் இருக்குது. கடையைப் பத்தியே பேசிட்டு இருக்கோம், ஷிப்ட்டுக்கு அறுபது பேரை ஒரே கூரைக்குள்ள நிறுத்துற இடத்தைப் பத்தி யாரும் வாய் திறக்கக் காணோம். எங்க வார்டுல படுத்திருக்கிற ஆளுங்ககிட்ட எங்க வேலைன்னு கேட்டா மளிகைக் கடைன்னு சொல்றவங்க கொஞ்சம்தானுங்க.

டீ விஷயம்: வாட்ச்மேன் அண்ணன் வீட்டுல போட்டுக் கொண்டு வர்றாரு. இஞ்சி தூக்கலா.

———

சரக்குமாஸ்டர் | மதுரை | 29 மே, காலை 6.20

அறிவிப்பு பார்த்தீங்களா? ஊரடங்கு ஜூன் 7 வரைக்கும் நீட்டிப்பு. ஆனா மளிகைக்காரங்க உள்ளாட்சியில அனுமதி வாங்கிட்டு வண்டியிலயோ தள்ளுவண்டியிலயோ தெருத்தெருவா விக்கலாம், போன்ல ஆர்டர் எடுத்து வீட்டுல கொடுக்கலாம், காலை 7லேர்ந்து சாயங்காலம் 6 வரைக்கும். இதை ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா 22, 23 ரெண்டு நாள் கூத்தே நடந்திருக்காது. சரி, இப்பவாவது.

எங்கிட்ட தள்ளுவண்டி கிடையாது. இஸ்திரி போடுற ஐயா தன்னோட வண்டியைத் தர்றேன்னுட்டார், அவருக்கும் வேலை இல்ல. பெட்டியை இறக்கி வச்சுட்டு மேல தார்ப்பாய் கட்டணும்.

———

சரக்குமாஸ்டர் | மதுரை | 2 ஜூன், இரவு 8.00

ரெண்டு நாள் அனுபவம். வண்டியில மூட்டை ஏத்தாதீங்க, தள்ள முடியாது. பெரிய பாக்கெட்டு ஓடல. அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுதான் போகுது. தீப்பெட்டி, கொசுவத்தி, சலவை சோப்பு மறக்கவே கூடாது, நான் மறந்துட்டு ரெண்டாவது தெருவுல திட்டு வாங்குனேன். நேரத்துக்கு முப்பது நாப்பது வீடு, ஒருத்தரும் ஒருத்தரை முட்டல. கணக்கு நோட்டும் வண்டியிலயே வச்சிருக்கேன்.

———

ஏரிக்கரை | விழுப்புரம் | 4 ஜூன், காலை 10.10

கண்ணாடிக்கு இன்னும் வழி பிறக்கல. எதுக்கு இவ்வளவு அவசரம்னு ஒருத்தர் தனிமடல்ல கேட்டார். அம்மா இன்சுலின் போடுறவங்க. ஊசியில இருக்கிற கோடு கண்ணாடி இல்லாம தெரியாது. மருந்துக்கடை திறந்திருக்கு, இன்சுலின் இருக்கு, ஊசி இருக்கு. கோட்டைப் படிக்கத்தான் ஆளில்ல. நான் காலையில வேலைக்குக் கிளம்பிட்டா பக்கத்து வீட்டு எட்டாவது படிக்கிற பையன் வந்து "இருபது, ஆச்சு பாட்டி"ன்னு சொல்லிட்டுப் போறான். சனிக்கிழமை அவன் தூங்கிட்டான்.

———

பேட்டரி_லோ | திருநெல்வேலி | 4 ஜூன், காலை 10.40

ஏ யப்பா. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. செல்போன்ல கேமராவைத் திறந்து ஊசிக்கு மேல பிடிச்சு ரெண்டு விரலால பெருசாக்கச் சொல்லு. கோடு நல்லாத் தெரியும். போனை ஒரு டம்ளர்ல சாய்ச்சு வச்சா கை ரெண்டும் சும்மா இருக்கும். வீட்டுல பட்டன் போனா இருந்தா சொல்லு, இங்க ஒரு பழசு கிடக்கு.

———

ஏரிக்கரை | விழுப்புரம் | 14 ஜூன், மாலை 5.30

27 மாவட்டத்துக்கும் இன்னைக்குத் திறந்துவிட்டதுல கண்ணாடிக் கடையும் இருந்துச்சு. காலையில அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அதே அறிவிப்புல டாஸ்மாக்கும் இருந்ததால (மட்டுறுத்துநர் மன்னிக்கவும், இது நகைச்சுவை இல்லை) அந்தத் தெரு முழுக்க மூங்கில் கட்டி வரிசை. கண்ணாடிக் கடைக்குப் போக வழி கேட்டதுக்கு நான் வரிசையில நுழையறேன்னு சண்டைக்கு வந்துட்டாங்க.

பேட்டரி அண்ணன் சொன்ன கேமரா யோசனையிலதான் பத்து நாள் ஓடுச்சு. அம்மா இப்ப அதுலயே வாட்சப் பார்க்கவும் கத்துக்கிட்டாங்க, அது தனிக்கதை.

கடைக்காரர் பார்த்துட்டு, பழைய சீட்டுல இருக்கிற பவர் இப்ப சரியா வராது, டாக்டர்கிட்ட புதுசா எழுதி வாங்கிட்டு வாங்கன்னுட்டார். கண் ஆஸ்பத்திரியில வெளிநோயாளி எப்ப பார்ப்பாங்கன்னு யாருக்காவது தெரியுமா?